அடுப்பங்கரையில் ஒரு பம்பு

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். எனக்கு வளை மட்டும் போதாது, அதற்குக் கதவு வேண்டும், கதவுக்கு உள்ளே தாழ்ப்பாளும் வெளியே நாதாங்கியும் வேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து என் வீட்டுக்காரரை நச்சரித்துக்கொண்டிருந்தேன். அவர் ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில் மிஷின்களைப் பழுது பார்க்கும் பிட்டர் வேலை பார்த்தார். தோல் பதனிடும் இடத்தை எங்கள் பக்கத்தில் ஷாப்பு என்றுதான் சொல்லுவோம். ஷாப்பு ஆட்களுக்கென்று வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் எங்களுக்கு ஓர் அறை. வாசலில் தொங்கிய கோணிதான் கதவு. உப்பு கேட்டு வருவார்கள், நெருப்பு கேட்டு வருவார்கள், ஒன்றுமே கேட்காமல் வந்து உட்கார்ந்து என் குழம்புச் சட்டியைத் திறந்து மோந்து பார்ப்பார்கள். நான் கோபக்காரி. அந்த நேரங்களில் என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்கும். அதையும் யாரும் சட்டை செய்ததில்லை.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில் ஒரு கோடையில்தான் எங்களுக்கென்று ஒரு வீடு எழுந்தது. பாலாற்றங்கரைக்குச் சற்று உள்ளே பள்ளத்தெரு என்று ஒரு தெரு. பெயரிலேயே பள்ளம் இருந்தது. அதைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பாலாறு என்றால் எங்களுக்கு மணல். வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆற்றின் நடுவே உட்கார்ந்து, கையால் மணலைத் தோண்டி ஊற்றெடுத்து, கொட்டாங்குச்சியால் மொண்டு குடத்தை நிரப்புகிறவர்கள் நாங்கள். ஒரு குடம் நிரம்புவதற்குள் ஊர்க்கதை எல்லாம் பேசி முடித்துவிடலாம். அப்படிப்பட்ட ஊரில் வீட்டை மேட்டில் கட்டு என்று யார் சொல்லப்போகிறார்கள்?

மண் சுவர், பனை ஓலைக் கூரை. என் வீட்டுக்காரரின் அக்காவும் எங்களோடு சேர்ந்துதான் கட்டிக்கொண்டார். என் நாத்தனார் கணவரை இழந்தவர். ஷாப்பில் ஆவாரம்பட்டை இடிக்கும் வேலை அவருக்கு. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். மண் குழைத்தது நாங்கள் இரண்டு பேரும்தான். ஒவ்வொரு வரிசை மண்ணையும் வைத்து, காய விட்டு, அதற்கு மேல் அடுத்த வரிசை வைத்து, கோடை முழுக்க அந்தச் சுவரோடு மல்லுக்கட்டினோம். கடைசியில் என் வீட்டுக்காரர் ஷாப்புப் பட்டறையில் தன் கையாலேயே தாழ்ப்பாளும் நாதாங்கியும் அடித்துக்கொண்டு வந்தார். நல்ல கனமான இரும்பு. முதல் நாள் கதவைச் சாத்தி, தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, உள்ளே சும்மா நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

"கஜானா வச்சிருக்கா பாரு உள்ளே" என்றார் நாத்தனார் வெளியிலிருந்து. நான் திறக்கவில்லை.

அந்த ஐப்பசியில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. மலைப்பக்கத்து ஓடைகள் எல்லாம் இறங்கி, பாலாறு இரு கரையும் தொட்டு வந்தது. ஊரே கற்பூரம் எடுத்துக்கொண்டு ஆற்றைப் பார்க்கப் போனது. கரை உடைந்துவிடுமோ என்று கொஞ்சம் பயந்தோம். உடையவில்லை. மழையும் விட்டது. தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்கினோம்.

காலையில் அடுப்பு மூட்டப் போனேன். அடுப்பங்கரை மூலையில் கால் வைத்ததும் சில்லென்றது. தரை மெழுகல் பிளந்து, அதிலிருந்து தண்ணீர் மெல்லச் சுரந்துகொண்டிருந்தது. மேலே இருந்து ஒழுகவில்லை, வாசல் வழியாகவும் வரவில்லை. பூமிக்குள்ளிருந்து வந்தது. தெளிந்த தண்ணீர். வாயில் விட்டுப் பார்த்தேன், இனித்தது.

மற்ற ஊர்க்காரர்களாக இருந்தால் ஐயோ என்று அலறியிருப்பார்கள். நான் என்ன செய்தேன் தெரியுமா? "அண்ணி, ஓடியாங்க! நம்ம வூட்லயே ஊத்து வந்துருச்சு!" என்று கூவினேன். நாத்தனார் வந்து பார்த்தார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினார். பிறகு இரண்டு பேருமாக வீட்டிலிருந்த குடம், தவலை, சோற்றுப்பானை வரைக்கும் கொண்டுவந்து நிரப்பினோம். இனி ஆற்றுக்குப் போக வேண்டாம், மணலைத் தோண்ட வேண்டாம், வரிசையில் நின்று சண்டை போட வேண்டாம். அன்று காலை அந்தத் தெருவிலேயே பாக்கியசாலி நான்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

என் வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்தவர் தண்ணீரைப் பார்க்கவில்லை. நேராகச் சுவரிடம் போனார். அடிச்சுவரில் கட்டை விரலை வைத்து அழுத்தினார். விரல் உள்ளே போனது.

"மண்ணு ஊறுது. அடி ஊறுனா மேல இருக்கிறது எது மேல நிக்கும்?" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஈரம் அதற்குள் சுவரில் கணுக்கால் உயரம் ஏறியிருந்தது. மறுநாள் அது இன்னும் ஏறியது. தெருவில் ஒரு மாட்டுக் கொட்டகையின் மண் சுவர் சத்தமே இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. நல்ல காலம், மாடு வெளியே கட்டியிருந்தது. நான் அந்த மண் குவியலைப் பார்த்துவிட்டு வந்து என் சுவரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். மறுபடியும் லைன் வீட்டுக்குப் போவது, மறுபடியும் கோணிக் கதவு என்று நினைத்துப் பார்த்தேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

என் வீட்டுக்காரருக்குத் தெரிந்த ஒரே வழி ஷாப்பு வழிதான். அங்கே தோலை ஊறப்போடும் குழிகளில் பட்டைச் சாறு இருக்கும். அதை ஒரு குழியிலிருந்து இன்னொரு குழிக்கு மாற்றக் கைப்பம்பு உண்டு. நீளமான கைப்பிடி, இரண்டு பக்கமும் ஆள் நின்று ஏற்றி இறக்க வேண்டும். பழைய பம்பு ஒன்று ஷாப்பின் பின்பக்கம் கிடந்தது. முதலாளி சாயபுவிடம் கேட்டார். "எடுத்துக்கினு போப்பா, துருப்பிடிச்சுக் கிடக்குது" என்றுவிட்டார் அவர். உள்ளே இருக்கும் தோல் வாஷர்தான் பம்புக்கு உயிர். அது காய்ந்து சுருங்கியிருந்தது. தோல் ஊரில் தோலுக்கா பஞ்சம்? எருமைத்தோலில் வட்டமாக ஒரு துண்டு வெட்டி, எண்ணெயில் ஊறவைத்து, கிண்ணம்போல மடக்கிப் புதிதாகப் போட்டார்.

"தரைக்கு மேல இருக்கிற தண்ணிய அள்ளி பிரயோஜனம் இல்ல. தரைக்குக் கீழே ஒரு குழி வேணும். சுத்துவட்டத்துத் தண்ணி எல்லாம் அதுக்குள்ள இறங்கணும். அதுல இருந்து இறைச்சுக்கினே இருந்தா தரை தானா காயும்" என்றார்.

"குழியா? எங்கே?" என்று கேட்டார் நாத்தனார்.

"தண்ணி வர்ற இடத்துலதான். அடுப்பங்கரையில."

நாத்தனார் முகம் வெளிறிவிட்டது. "வூட்டுக்குள்ள குழி வெட்டுவாங்களாடா? யாருக்குடா வெட்டுறே? தானா வந்த கங்கைய வெளிய தள்ளுறதே பாவம். அதுக்குக் குழி வேறயா?"

எங்கள் பக்கத்தில் வீட்டுக்குள் குழி வெட்டினால் அது ஆளைக் கேட்கும் என்பார்கள். தம்பிக்கு ஏதாவது ஆகிவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கும் பயம் இல்லாமல் இல்லை. என் வீட்டுக்காரர் கடப்பாறையைக் கையில் வைத்துக்கொண்டு அக்காவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு அக்கா பேச்சைத் தட்டிப் பழக்கம் கிடையாது. இப்படியே பார்த்துக்கொண்டிருந்தால் சுவர் விழுந்துவிடும் என்று எனக்குக் கோபம் வந்தது. கடப்பாறையைப் பிடுங்கி, நான் மெழுகிய தரையில் நானே முதல் குத்துக் குத்தினேன். தலைக்கு மேலே வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன?

நாத்தனார் என்னோடு பேச்சை நிறுத்திக்கொண்டார்.

இடுப்பளவு ஆழம் வெட்டினோம். பக்கம் சரியாமலிருக்க, ஷாப்பில் தோலுக்குத் தடவும் மீன் எண்ணெய் வரும் பழைய பீப்பாய் ஒன்றை அடிப்பலகை எடுத்து, சுற்றிலும் ஓட்டை போட்டு உள்ளே இறக்கினார். சுற்றி உடைந்த செங்கல்லும் கூழாங்கல்லும் போட்டு நிரப்பினோம். பம்பின் குழாய் பீப்பாய்க்குள் இறங்கியது. வீடு முழுக்க மீன் எண்ணெய் நாற்றம். அந்த நாற்றத்தில்தான் சோறு வடித்தேன்.

அடுத்ததாக நாங்கள் செய்த காரியத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். இறைத்த தண்ணீரை எங்கே விடுவது? கொல்லையில் சற்று மேடான இடத்தில், பாதிக்கு மேல் தூர்ந்துபோய் ஒரு வறண்ட கிணறு இருந்தது. தெருவில் கொட்டுவதற்கு எங்கள் மூன்று பேருக்குமே மனசு வரவில்லை. தண்ணீர் ஆயிற்றே! கோடைக்கு ஆகட்டும் என்று கிணற்றில் விட்டோம். நாத்தனார்கூடக் கோபத்தைக் கொஞ்சம் மறந்து, கிணற்றுக்கும் கற்பூரம் காட்டினார். நானும் என் வீட்டுக்காரரும் பம்பை அடித்தோம், அடித்தோம், உள்ளங்கை தோலுரிய அடித்தோம். கிணறு நிரம்பிக்கொண்டே வந்தது. ஆனால் பீப்பாயில் தண்ணீர் ஒரு விரற்கடை குறையவில்லை.

பம்பை நிறுத்திவிட்டு மூச்சு வாங்கக் கொல்லைக்குப் போனேன். கிணற்றை எட்டிப் பார்த்தேன். சற்றுமுன் ஈரம் பட்டிருந்த கல் வெளியே தெரிந்தது. தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஓடி வந்து பீப்பாயைப் பார்த்தேன். அங்கே ஏறிக்கொண்டிருந்தது. கிணற்றுக்கும் பீப்பாய்க்கும் நடுவே வெறும் மணல்தானே? ஒரே தண்ணீரைச் சுற்றிச் சுற்றி இறைத்துக்கொண்டிருந்திருக்கிறோம்.

"செக்கு மாடு தோத்துது போங்க" என்று சொல்லி நான் சிரிக்க ஆரம்பித்தேன். என் வீட்டுக்காரரும் சிரித்தார். தரையில் ஈரத்திலேயே உட்கார்ந்து சிரித்தோம். பிறகு சுவரைப் பார்த்தேன். ஈரம் முழங்காலைத் தொட வந்திருந்தது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

தண்ணீரைத் தூரத்தில் விட்டால்தான் திரும்பாது. தெருக்கோடியைத் தாண்டி ஒரு புளியந்தோப்பு. அது சரிந்து போய் ஆற்றில் இறங்கும். அதுவரை கொண்டுபோகக் குடைந்த பனைமரத் துண்டுகளை ஒன்றோடு ஒன்று சேர்த்து, கவைக்குச்சிகள் நட்டு வாய்க்கால் கட்டத் தொடங்கினோம். எங்கள் பக்கம் தோள் உயரம், போகப் போகத் தாழ்ந்துகொண்டே போக வேண்டும். எல்லார் வாசலிலும் குச்சி நட வேண்டுமே! கடைசி வீட்டு பீபியம்மா இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டு வழியில் நின்றார். வயதில் என்னைவிடப் பெரியவர், வாயிலும் பெரியவர்.

"உன் வூட்டுத் தண்ணி என் வாசல் வழியா போவணுமா? இன்னா பேஜாராக்கீது! ஒழுகுனா என் வூடு இன்னாத்துக்கு ஆவும்?"

"உங்க வூட்டுத் தரையும் நனைஞ்சுதானே இருக்குது?"

"ஆமா, அதுவே ஜாஸ்தி. இதுல உன்னோடது வேறயா?"

எனக்குக் கோபம் வந்தது. என் வீட்டுக்காரர்தான் சமாதானமாகக் கேட்டார்: "ஒரே ஒரு நாள் வுடுங்க பீபியம்மா. ஒழுகுனா நானே பிரிச்சுடறேன்."

ஒரு நாள் விட்டார். அன்றைக்குப் பம்பு அடித்தபோது பீப்பாயில் தண்ணீர் இறங்கியது. நான் கத்திய கத்தலில் பேச்சை நிறுத்தியிருந்த நாத்தனாரே ஓடி வந்தார். சாயந்திரம் பீபியம்மா வந்தார். வாய்க்காலைப் பிரிக்கச் சொல்லத்தான் வருகிறார் என்று நினைத்து நான் சண்டைக்குத் தயாரானேன்.

"என் வூட்டுத் தரை காஞ்சுட்டு வருது. நான் ஒண்ணும் பண்ணலியே, எப்படி?" என்று கேட்டார்.

என் வீட்டுக்காரர் சொன்ன பிறகுதான் எல்லோருக்கும் புரிந்தது. பள்ளத்தெருவின் அடிப்பள்ளம் எங்கள் வீடுதான். தெருவுக்கே அடியில் ஓடும் தண்ணீர் எங்கள் பீப்பாய்க்குத்தான் வந்து சேர்கிறது. இங்கே இறைத்தால் தெருவே காயும். இங்கே நிறுத்தினால் தெருவே ஊறும். பீபியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "நவுரு" என்று என்னைத் தள்ளிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தார்.

அதற்குப் பிறகு என் வீடு வீடாக இல்லை. விடிந்தால் ஒரு ஜோடி, அடுப்பு மூட்டுமுன் இன்னொரு ஜோடி, ஆண்கள் ஷாப்புக்குப் போன பிறகு பெண்கள் என்று மாறி மாறி வந்து அடித்தார்கள். தாழ்ப்பாள் போட நேரமே இல்லை. வந்தவர்கள் சும்மா இருப்பார்களா? குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்தார்கள். "உப்பு கம்மி" என்றார்கள். என் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனால் சுவரில் ஈரம் முழங்காலுக்கு மேல் ஏறவில்லை. ஆறு வடிந்தது, ஊற்றும் நின்றது. அடிச்சுவரில் பூச்செல்லாம் உதிர்ந்து அசிங்கமாகியிருந்தது, ஆனால் சுவர் நின்றது. உதிர்ந்த இடத்தைச் சுரண்டி, செங்கல் துண்டும் சுண்ணாம்பும் வைத்து நானும் நாத்தனாரும் அடைத்தோம். அந்த வேலை முடிவதற்குள் இரண்டு பேரும் பேசத் தொடங்கிவிட்டோம்.

பீப்பாய்க்குப் பலகை போட்டு மூடினேன். வீட்டை மெழுகினேன். "இனிமே என்னைக் கேக்காம யாரும் உள்ள வரக்கூடாது, சொல்லிட்டேன்" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுத் தாழ்ப்பாளைப் போட்டேன்.

அடுத்த வருஷம் ஐப்பசியில் காவேரிப்பாக்கத்தில் என் தங்கைக்குக் கல்யாணம். அதுதான் என் தாய்வீடு. நானும் என் வீட்டுக்காரரும் புறப்பட்டோம். நாதாங்கியை மாட்டி, பெரிய பூட்டாகப் போட்டு, சாவியை முந்தானையில் முடிந்துகொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்த அன்றே மழை தொடங்கியது. தாலி கட்டும்போது மழை, பந்தி போடும்போது மழை. காவேரிப்பாக்கம் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் போகும் கலங்கல் வழிந்தது. கல்யாண வீடே அதைப் பார்க்க ஓடியது. வேடிக்கை பார்த்தவர்கள் எல்லோரும், இந்த வருஷம் விளைச்சலுக்குக் குறைவில்லை என்று சிரித்தார்கள். நான் மட்டும் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பம்பு என் வீட்டுக்குள். வீடு பூட்டியிருக்கிறது. சாவி என்னிடம்.

"என் சுவரு போச்சு" என்றேன் என் வீட்டுக்காரரிடம். அவர் உடனே வண்டி பிடிக்கப் போனார்.

மாட்டு வண்டியில் வாலாஜா ஸ்டேஷன் வந்து ரயிலேறினோம். ஜன்னல் வழியாகப் பாலாறு தெரிந்த இடமெல்லாம் ஒரே செந்தண்ணீர். என் சுவர் மட்டுமா? நாத்தனாரின் சுவர், பீபியம்மாவின் சுவர், தெருவில் இருக்கும் எல்லாச் சுவரும் என் முந்தானை முடிச்சுக்குள் இருப்பது அப்போதுதான் தெரிந்தது. ஆம்பூரில் இறங்கியதும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன்.

பள்ளத்தெருவுக்குள் நுழைந்ததும் முதலில் பார்த்தது பனைமர வாய்க்காலை. அதில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அடுத்து என் கதவைப் பார்த்தேன். அகலத் திறந்து கிடந்தது. நாதாங்கி பிய்ந்து பூட்டோடு தொங்கியது, நிலையில் மரம் பிளந்திருந்தது. உடம்பு பழக்கத்தை விடுமா? நன்றி சொல்ல வேண்டிய வாய், "யாரு என் கதவ ஒடச்சது?" என்றுதான் அலறியது.

அடுப்பங்கரையில் நாத்தனாரும் பீபியம்மாவும் பம்பின் இரு பக்கமும் நின்று, வேர்க்க விறுவிறுக்க அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் ஒடச்சேன். நீ தரையில குத்தின அதே கடப்பாறையாலதான். இன்னா இப்ப?" என்றார் நாத்தனார். கையை மட்டும் நிறுத்தவில்லை.

தானாக வந்த கங்கையை வெளியே தள்ளுவது பாவம் என்றவர் அவர். வீட்டுக்குள் குழி வெட்டினால் தம்பியைக் கேட்கும் என்று நடுங்கியவர். நான் அவரைத் தாண்டிப் போய்ச் சுவரில் கை வைத்தேன். காய்ந்திருந்தது. அடியில், நாங்கள் இரண்டு பேரும் அடைத்த இடத்திலும் கை வைத்துப் பார்த்தேன். அங்கேயும் காய்ந்திருந்தது. சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதுவிட்டேன்.

"எலி வளைன்னாலும் தனி வளை வேணும்னு சொல்வியே, போச்சா?" என்றார் நாத்தனார்.

"அழுவறது அப்புறம் அழுவு தங்கச்சி. இத வந்து புடி, எனக்குத் தோளு வுட்டுப் போச்சு" என்றார் பீபியம்மா.

போய்ப் பிடித்தேன்.

மழை விட்ட பிறகு என் வீட்டுக்காரர் சுத்தியலும் ஆணியும் எடுத்துக்கொண்டு வந்து, நாதாங்கியைத் திரும்ப அடிக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பம்பின் கால் கொஞ்சம் ஆடியது. அந்த நாதாங்கி இரும்பை அதற்கு முட்டுக் கொடுத்து அடித்துவிடச் சொன்னேன். நல்ல கனமான இரும்பு. அதற்குப் பிறகு பம்பு ஆடவில்லை.